எங்க அரசி மெட்ராஸ் போறா

அந்தக் கீழ்ப் பங்க் உங்களுக்கே இருக்கட்டும் தங்கச்சி, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க. அவ சின்னப் புள்ள, மேல ஏறிப் படுத்துக்குவா. நான் இந்த டிரங்குப் பெட்டியை மட்டும் உள்ள தள்ளி வெச்சுடுறேன். கொஞ்சம் காலை மடக்கிக்கங்க. ம், போயிருச்சு. கடல் ஆடுனா பெட்டி நடமாட ஆரம்பிச்சிரும், பாத்துக்கங்க. நான் கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தப்ப எங்க பெட்டி ராத்திரியோட ராத்திரியா அடுத்த குடும்பத்துக்கிட்டப் போயிருச்சு. காலையில அவங்க தொறந்து பாத்து, இது நம்ம சேலை இல்லையேன்னு கொண்டாந்து குடுத்தாங்க.

இல்ல இல்ல, நான் வரல. என் மகதான் போறா. மங்கையர்க்கரசி. நீளமா இருக்குல்ல, அரசின்னே கூப்பிடுங்க. இப்ப மேல டெக்குல நிக்கிறா. கூடப் படிச்ச புள்ளைகள்லாம் கீழ ஜெட்டியில, அதான் கப்பல் கட்டுற மேடையில நின்னு கையாட்டுதுக, அதை விட்டுட்டு எப்படி வருவா. மணி அடிச்சு, பாக்க வந்தவங்க எல்லாரும் நீச்சே உத்ரோ, கீழ எறங்குங்கன்னு சொல்ற வரைக்கும் நான் இருக்கலாமாம். அந்தக் காக்கிச் சட்டைக்காரர் சொன்னாரு.

ஆமா, தனியாத்தான். அந்தப் பக்கம் என் தம்பி கிருஷ்ணமூர்த்தி ஹார்பருக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவான். நடுவுல இந்தக் கடல்தான். அதான் உங்களைப் பாத்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. நெத்தியில திருநீறும் கையில பிளாஸ்கும் வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களா, முருகனே ஒரு ஆளை உக்கார வெச்சிருக்கான்னு நெனைச்சேன்.

கல்யாணத்துக்கு இல்ல. எல்லாரும் அப்படித்தான் கேக்குறாக. படிக்கப் போறா. நர்ஸ் படிப்பும் இல்ல, டீச்சர் படிப்பும் இல்ல. படம் வரையிற படிப்பு. அதுக்குன்னு மெட்ராஸ்ல ஒரு காலேஜ் இருக்காம்ல. வெறும் படம் மட்டும் இல்லயாம். சேலைக்குக் கரை எப்படி இருக்கணும், மண்பாண்டத்துல என்ன பூ போடணும், எல்லாத்துக்கும் டிசைன்னு ஒண்ணு இருக்காம், அதையும் சொல்லித் தருவாங்களாம். எனக்கு என்ன தெரியும், நான் அஞ்சாவது. கோலத்துக்குப் புள்ளி வெப்பேன், அவ்வளவுதான். அதுலயும் அவ வந்து, அம்மா இந்த மூலை கோணிருச்சும்பா.

அவ அப்பாவா? இருக்காக. இந்த வட்டக் கண்ணாடி வழியாப் பாருங்க, கிரேனுக்குப் பக்கத்துல, வெள்ளைச் சட்டை, கக்கத்துல குடை. அவுகதான். கப்பல் ஏறி வரமாட்டேன்னுட்டாக. பக்கத்துல நிக்கிற தடிச்ச மனுஷர் சொக்கலிங்கம் அண்ணன். இவுகளோட கூட்டாளி. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணும் சண்டை இல்ல. சண்டை அப்பனுக்கும் மகளுக்கும்தான். சண்டைன்னா கத்துறது இல்ல தங்கச்சி, கத்துனாத் தேவலையே. பேச்சே இல்ல. தட்டு வெப்பா, போயிருவா. அவுக சாப்பிடுவாக, எந்திரிச்சிருவாக. இன்னைக்கும் கால்ல விழுந்து கும்புட்டா, ஆனா மூஞ்சியை நிமிந்து பாக்கல. அவுகளும் திருநீறு பூசிவிட்டுட்டுக் குடையை எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டாக. மெட்ராஸ் போற புள்ள இப்படியா போறது? எனக்கு அது ஒண்ணுதான் கொறை.

மத்தபடி சந்தோஷம்தான். ஏன் பொய் சொல்லணும்.

இந்தாங்க, முறுக்கு எடுத்துக்கங்க. கடல்ல முத நாள் சோறு இறங்காது, இது இறங்கும்.

இவ சின்னதுலருந்தே அப்படி. மூத்தவன் சந்திரனும் நடுவுல உள்ளவ ஜெயலட்சுமியும் செவத்துல கிறுக்குனாக் கிறுக்கல் மாதிரி இருக்கும், அடிக்கலாம். இவ கிறுக்குனா அடிக்கக் கை வராது. மரைன் ஹில்லுல எங்க குவார்ட்டர்ஸ் அடுப்படியில ஒரு கோழியை வரைஞ்சு வெச்சா. பக்கத்து வீட்டு ருக்கு வந்து, அக்கா உங்க கோழி உள்ள வந்துருச்சுன்னு சூ சூன்னு வெரட்டுனா. சாமி சத்தியமா. வெரட்டிட்டு அவளே வெக்கப்பட்டுப் போயிட்டா.

பெயிண்ட் எங்க வாங்குறது இந்த ஊர்ல? அவுகளுக்குப் படகு கட்டுற பட்டறையில வேலை. டப்பாவுல காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கிறதைத் தூக்கிப் போடுவாங்க, அதைக் கேட்டு வாங்கிட்டு வருவாக. என்னா, எல்லாம் படகுக்கு அடிக்கிற கலரு. செவப்பும் சாம்பலும் கருப்பும்தான். பச்சை கிடையாது. இவ போட்ட மாமரம் சாம்பல்ல நிக்கும், மயில் சாம்பல்ல நிக்கும். நான் கூட, என்னடி உன் மயிலு கடற்படையில சேந்திருச்சான்னு கேப்பேன். அப்பறம் இங்க வெளையிற படாக்குங்கிற செவப்பு மரத்தோட தூளை ஊறப் போட்டு ஒரு செவப்பு, மஞ்சளை அரைச்சு ஒரு மஞ்சள்னு அவளாவே கண்டுபிடிச்சா. என் சமையக்கட்டுல பாதிச் சாமான் அவ காயிதத்துல இருக்கு.

பாத்தீங்களா, அப்ப அந்தப் பெயிண்ட் டப்பாவை வாங்கிக் குடுத்ததே அவுகதான். அதை அவ இப்ப மறந்துட்டா.

காலேஜ் விஷயம் எப்படித் தெரிஞ்சதா? அதைக் கேளுங்க. எங்க வீட்டுக்குப் பேப்பர் கப்பல்லதான் வரும். ரெண்டு வாரத்துப் பேப்பர் மொத்தமாக் கட்டு போட்டு வரும். அதை அவுக எப்படிப் படிப்பாகன்னா, ஒரு நாளைக்கு ஒண்ணு. பழையதுலருந்து வரிசையா. காலையில ஒரு காப்பி, ஒரு பேப்பர். அடுத்த நாள் பேப்பரை யாரும் தொடப்படாது. போன மாசம் நடந்ததை இன்னைக்குப் படிச்சு, ஐயோ வெள்ளம் வந்துருச்சு தஞ்சாவூர்லன்னு பதறுவாக. வெள்ளம் வடிஞ்சு நாத்து நட்டிருப்பாங்கங்க, அடிப் பேப்பரைப் பாருங்கம்பேன். அதெல்லாம் தப்பு, அந்தந்த நாளை அந்தந்த நாளாப் படிக்கணும்பாக. இங்க நெறைய வீட்டுல அப்படித்தான். நீங்க இப்ப வந்தவங்க, சிரிக்கிறீங்க. இருந்து பாத்தாத் தெரியும், கட்டை ஒரே நாள்ல படிச்சு முடிச்சுட்டா அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் ஊரே செத்துப் போன மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அவுக அந்தப் பக்கம் போன நேரம் இவ அடிப் பேப்பரை உருவிட்டா. படம் ஏதாவது இருக்கும்ன்னு. அதுல இருக்கு அந்தக் காலேஜ் வெளம்பரம். வரிசையாப் படிச்சுக்கிட்டு இருந்திருந்தா அவுக அந்தப் பக்கத்துக்கு வர்றதுக்குள்ள கடைசித் தேதி போயிருக்கும். அம்மா அம்மான்னு ஓடி வந்தா. எனக்குக் காலேஜ்ங்கிறது மனசுல ஏறல. ஐயோ பேப்பரைக் கலைச்சுட்டாளேன்னுதான் பயந்தேன்.

அப்பறம் நான்தான் சொன்னேன், எழுதிப் போடுடி, கிடைக்கிறது முருகன் பாடுன்னு. அவுககிட்டயும் சொல்லிட்டோம். சரி எழுதட்டும், அங்க ஆயிரம் பேர் எழுதுவான், நம்ம புள்ளைக்கா குடுக்கப் போறான்னு கையெழுத்தும் போட்டாக.

பரீட்சையா, உண்டே. எங்களை மாதிரித் தீவுல இருக்கிறவங்களுக்கு இங்கயே ஒரு ஆபீஸ்ல உக்கார வெச்சு நடத்துனாங்க. கேள்வி அரக்கு வெச்ச உறையில மெட்ராஸ்லருந்து வந்துச்சு. இவ ஒருத்தியும், ஒரு பெங்காலிப் பையனும்தான். உறையைப் பிரிச்சா என்ன கேள்வி தெரியுமா? ரயில்வே ஸ்டேஷன்ல ரயில் வந்து நிக்கிது, அந்தக் காட்சியை நெனைவுலருந்து வரைங்கன்னு.

ரயிலு. இவ பொறந்தது இங்க. இந்தத் தீவுல தண்டவாளம்னா மர மில்லுல கட்டை இழுக்கிறதுதான். அந்தப் பெங்காலிப் பையனும் இங்கயே பொறந்தவன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்களாம். அங்க காவலுக்கு இருந்த கிளார்க் பாபுகிட்ட, ரயில் எப்படி இருக்கும்னு ஹிந்தியில கேட்டாளாம். அவரு, நீளமா இருக்கும், பொகை வரும், அதுக்கு மேல சொன்னா என் வேலை போயிரும்னாராம்.

இவ வரைஞ்சா. நீளமா ஒரு ரயிலு, பொகை போகுது. ரயிலுக்கு வட்ட வட்டமா ஜன்னலு, இந்தா, இதே மாதிரி. பெட்டியிலருந்து எறங்க ஏணி சாத்தி வெச்சிருக்கு. அப்பறம் ரயிலோட மூக்குலயும் வாலுலயும் தடி தடியாக் கயிறு, அதைப் பிளாட்பாரத்துல இரும்புத் தூண்ல சுத்திக் கட்டியிருக்கா. வீட்டுக்கு வந்து சொல்றா. நான் கேட்டேன், ஏன்டி ரயிலைக் கட்டுன? கட்டலைன்னா போயிராதாம்மாங்கிறா.

நான் சிரிச்ச சிரிப்புல அடுப்புல பால் பொங்கி வழிஞ்சிருச்சு. அவளுக்கு அழுகை. நீ ரயில்ல வந்தவதானே, ஒரு நாளாவது சொன்னியாங்கிறா. அதுவும் நெசந்தான். யாருக்குத் தோணும், கயிறு கட்ட மாட்டாங்கன்னு பெத்த புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கணும்னு. அவுக கேள்விப்பட்டு, போச்சு, ரயிலைக் கட்டிப் போட்டாச்சா, இனி அது எங்கயும் போகாது, நீயும் போக வேணாம்னாக. கேலிதான். அவ அதைக் கேலியா எடுத்துக்கல.

கிடைச்சது எப்படின்னா, அந்தக் காலேஜ்லருந்து வந்த காயிதத்துலயே எழுதியிருந்தாங்க. ரயில் தப்பு, ஆனா காத்துக்கிட்டு நிக்கிற சனம் தப்பு இல்லைன்னு. இங்க கப்பல் வர்ற அன்னைக்கு ஊரே ஜெட்டிக்குப் போகும்ல, சொந்தக்காரங்க வந்தாலும் வராட்டியும். எட்டிப் பாக்கிறவங்க, புள்ளையத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறவங்க, யாரும் எனக்கு வரலைங்கிற மாதிரி ஓரமா நிக்கிறவங்கன்னு, அத்தனை சனத்தையும் பிளாட்பாரத்துல போட்டிருக்கா. அதைப் பாத்துட்டுத்தான் எடம் குடுத்தாங்க. வாங்க, ரயிலைக் கிட்ட இருந்து பாக்கலாம்னு ஒரு வரி.

காயிதம் வந்த அன்னைக்குத்தான் வினையும் வந்துச்சு. அந்தச் சொக்கலிங்கம் அண்ணன் இருக்காகல்ல. அவுகதான் எங்க வீட்டுக்காரரை இந்தத் தீவுக்குக் கூட்டியாந்தது. வேலை வாங்கிக் குடுத்தது, நான் ஜுரத்துல கிடந்தப்ப அவுக சம்சாரம் தனபாக்கியம் அண்ணி வந்து கஞ்சி காச்சிக் குடுத்தது, எல்லாம் உண்டு. இப்ப தெக்க கார் நிக்கோபார் தீவுல இருக்காக. மகன் இராமகிருஷ்ணன் அங்கயே கவர்மெண்ட் வேலை. தங்கமான பையன், குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. அரசி பாவாடை கட்டுற காலத்துலயே எங்க வீட்டுக்காரர் வாக்குக் குடுத்துட்டாக, அண்ணே, என் மக உங்க வீட்டுக்குத்தான்னு. விளையாட்டுக்கு இல்ல, கோயில் வாசல்ல நின்னு. அண்ணன் அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை வருஷம் வேற பொண்ணு பாக்கல. அதே நாளு கார் நிக்கோபார் கப்பல்ல நிச்சயத் தட்டோட வந்து எறங்கிட்டாக.

நெனைச்சுப் பாருங்க தங்கச்சி. கூடத்துல தட்டு. மாடத்துல காயிதம். இவ அடுப்படியில ஒக்காந்துக்கிட்டு, நான் போகலைன்னா இனி ஒரு கோடு கூட இழுக்க மாட்டேங்கிறா. அவுக, குடுத்த வாக்கை நான் திருப்பி வாங்க மாட்டேன், எவன் முன்னாடியும் நாக்கு பொரட்ட மாட்டேன்னுட்டாக. அவுகளுக்கு அது ஒண்ணுதான் சொத்து. பட்டறையில அவுக சொன்னா சொன்னதுதான்னு ஊருக்கே தெரியும். நான் யாரு பக்கம் நிக்கிறது? பூஜை அலமாரி முன்னாடி போய் நின்னேன். எனக்குத் தெரிஞ்ச எடம் அதுதான்.

அங்க நிக்கும்போதுதான் தோணுச்சு. பூக்கட்டிப் பாத்துருவோம்னு. வந்து சொன்னேன். சொக்கலிங்கம் அண்ணனும் பக்தியானவுக, உடனே சரின்னுட்டாக. முருகன் சொன்னா மறுபேச்சு இல்ல தங்கச்சி, கல்யாணம்னா கல்யாணம், படிப்புன்னா படிப்பு, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன்னாக. செவப்பு அரளின்னா கல்யாணம். வெள்ளை நந்தியாவட்டைன்னா காலேஜ்.

எல்லாரும் கோயிலுக்குப் போனோம், பூவைப் பொட்டலமாக் கட்ட நான் எலையை எடுத்தேன். எங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுட்டாக. வேணாம், நீ மக பக்கம் சாஞ்சிருவ, நானே கட்டுறேன்னாக. ஊர் முன்னாடி சொன்னாக. எனக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. சாமி காரியத்துல நான் அப்படிச் செய்வேனா? இவ அதைக் கேட்டுட்டு, பாத்தியாம்மா, என் மேல நம்பிக்கை இல்லாததை விட்டுரு, அப்பாவுக்கு உன் மேலயே நம்பிக்கை இல்லைன்னா. அவுக பிரகாரத்துக்குப் பின்னாடி போயி, பொட்டலம் ரெண்டையும் கட்டிக் கொண்டாந்து சன்னதியில போட்டாக. யாரோட குழந்தையோ அங்க தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சு, அதை எடுத்து விட்டாங்க. அது ரெண்டையும் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு. இவ கண்ணை மூடிக்கிட்டா. ஒண்ணை எடுத்து வாயில வெக்கப் போச்சு, குருக்கள் பிடுங்கிப் பிரிச்சாரு.

வெள்ளை.

சொக்கலிங்கம் அண்ணன் சொன்ன சொல்லு மாறல. கையெடுத்துக் கும்புட்டுட்டு, போயிட்டு வா தாயி, நல்லாப் படின்னு அவுக கையாலயே திருநீறு போட்டுவிட்டாக. இன்னைக்கு வழியனுப்பவும் வந்து நிக்கிறாக பாருங்க. பையனுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பொண்ணு பேச்சு வந்திருக்காம், அடுத்த கப்பல்ல போறாக. எல்லாம் நல்லபடியா முடிஞ்சது.

இவதான் முடிக்கல. என்னைப் படிக்க அனுப்புறது முருகன், அப்பா இல்லைங்கிறா. அப்பா கட்டுன பூவுல செவப்பு வரணும்னுதான் வேண்டிக்கிட்டு நின்னாரு, நான் பாத்தேன், உதடு அசைஞ்சதுங்கிறா. அவுககிட்டக் கேட்டா, முருகன் சொல்லிட்டான், நான் என்ன செய்யன்னு பேப்பரைத் தூக்கி வெச்சுக்குறாக.

அது முத மணி. இன்னும் ஒண்ணு அடிப்பாங்க. நீங்க உக்காருங்க, உக்காருங்க. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன், கொஞ்சம் இப்படி வாங்க.

அன்னைக்கு எல்லாரும் வெள்ளையைப் பாத்துக்கிட்டு நின்னாங்களா, அந்த இன்னொரு பொட்டலம் அங்கயே கிடந்துச்சு. சாமி பூவு, கால்ல மிதிபடக் கூடாதுல்ல. கடல்ல விட்டுரலாம்னு எடுத்து முந்தியில முடிஞ்சுக்கிட்டேன். மறுநாள் துணி துவைக்கிறப்பதான் ஞாபகம் வந்துச்சு. பிரிச்சேன். அதுலயும் வெள்ளைதான்.

ஆமா தங்கச்சி. ரெண்டுலயும் நந்தியாவட்டை.

நான் அப்படியே துணி துவைக்கிற கல்லுல உக்காந்துட்டேன். முதல்ல பயந்தான் வந்துச்சு, சாமியையே ஏமாத்திட்டாரே இந்த மனுஷன்னு. அன்னைக்குச் சாயங்காலமே போய் ஒரு தேங்காய் ஒடைச்சேன். ஒடைச்சுக்கிட்டே யோசிச்சேன், அவுக வாயால வாக்கை மாத்த முடியாது, முருகன் வாயாலதான் மாத்த முடியும். அதுக்கு முருகனும் ஒத்துக்கிட்டுத்தானே இருந்திருக்கான். இல்லைன்னா அந்தக் குழந்தை ரெண்டையுமே எடுத்துக் குட்டை ஒடைச்சிருக்குமே.

அவுகளுக்கு நான் பிரிச்சது தெரியாது. தெரிஞ்சா என் மூஞ்சியைப் பாக்க மாட்டாக, வெக்கப்பட்டே செத்துருவாக. நான் எப்படி இவகிட்டச் சொல்ல? இப்ப இங்க வெச்சுச் சொன்னேன்னா ஏணியில எறங்கி ஓடிப் போயி, ஜெட்டியில வெச்சே அப்பான்னு கட்டிப்பிடிச்சுருவா. பக்கத்துல சொக்கலிங்கம் அண்ணன் நிக்கிறாக. அந்த மனுஷர் மனசு என்ன பாடு படும்? லெட்டர்லயும் எழுத முடியாது, எனக்கு லெட்டர் எழுதிக் குடுக்கிறதே அவுகதான்.

நீங்க அவகிட்டச் சொல்லுங்க தங்கச்சி. இன்னைக்கு வேணாம், இந்தக் கரை கண்ணுல இருந்து மறையிற வரைக்கும் வேணாம். நடுக்கடல்ல தலை சுத்திப் படுத்திருப்பா, அப்பாவை நெனைச்சு மொகத்தைத் திருப்பிக்கிட்டு அழுவா, எனக்குத் தெரியும். அப்பச் சொல்லுங்க. மெட்ராஸ்ல எறங்குன ஒடனே அவளே ஒரு லெட்டர் போடுவா. என்ன எழுதணும்னு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.

செய்வீங்களா? முருகா. நல்லா இருப்பீங்க.

வர்றா பாருங்க. கண்ணைத் தொடச்சிக்கங்க, நானும் தொடச்சிக்கிறேன். என்னம்மா, மணி அடிச்சிருச்சா? ஒண்ணும் இல்லம்மா, அக்காவுக்கு எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.